திறந்த வாய்களுக்கு ஒரு நாவல்

சூசையப்பனின் நாவலைக் கம்பம் நகரத்து அச்சகத்தார் நன்றாகவே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பீர்மேட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் கம்பவுண்டர். கம்பத்திலிருந்து காடு வெட்ட மலையேறி வந்த ஒரு குடும்பத்தின் கதை அது. தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் தொழிலாளர்களைப் பற்றி அவர்களுக்காகவே எழுதியது. அவர்களும் வாங்கினார்கள். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, மாதா படத்துக்கோ முருகன் படத்துக்கோ கீழே வைத்தார்கள். வாசித்தீர்களா என்று கேட்டால், "கம்பவுண்டரய்யா எழுதுனதாச்சே, நல்லாத்தான் இருக்கும்" என்றார்கள்.

எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களுக்கு முந்நூறு பக்கம் மலையேற்றம் என்று அவருக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. அந்த வருடம், 1978இல், குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த மைத்துனன் சுவக்கீன் ஒரு கேசட் ரெக்கார்டரை அக்கா வீட்டில் விட்டுப்போனான். சூசையப்பன் நாவலைத் தானே வாசித்துப் பதிவு செய்ய முடிவெடுத்தார்.

மருந்து வைக்கும் அறையில் ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டுப் பதிவு நடந்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் நிறுத்த வேண்டும். ஃபாக்டரிச் சங்கு ஊதினால் நிறுத்த வேண்டும். பாட்டரி தீர்ந்துகொண்டிருப்பதைக் கவனிக்காமல் ஒரு நாள் பதிவு செய்ததைப் புதுப் பாட்டரி போட்டுக் கேட்டபோது, கதையின் நாயகன் கீச்சுக் குரலில் பறந்தான். இதையெல்லாம் சரிசெய்துகொண்டு முதல் அத்தியாயத்தை முடித்தார். அவர் மனைவி கத்தரீனாள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"செத்தவன் ரிப்போர்ட்டப் போலீசுக்கு வாசிச்சுக் காட்டுத மாதிரி இருக்கு."

"அப்ப நீ வாசி."

அவள் வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கிறவள். எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும் என்று தெரிந்திருந்தது. எட்டு கேசட்டில் நாவல் அடங்கியது. கம்பத்தில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வயரால் இணைத்து நகல் எடுத்துக் கொடுக்கச் சம்மதித்தார்.

இனி யார் கேட்பார்கள் என்பதுதான் கேள்வி. லயத்தில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த வீடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சூசையப்பன் யோசித்து, ஏலக்காய் ஸ்டோர்களைத் தேர்ந்தெடுத்தார். மலைமேல் கம்பம்மெட்டிலும் உடும்பஞ்சோலையிலுமாக ஏலக்காய் முதலாளி சுருளிவேலுக்கு மூன்று ஸ்டோர்கள் இருந்தன. உலர்த்திய காயைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிக்கும் இடம். அங்கே ரேடியோ வைத்திருப்பதைச் சூசையப்பன் பார்த்திருக்கிறார். பாட்டு வைக்கிற முதலாளி கதை வைக்க மாட்டாரா? அவர் வைத்தால் மற்ற ஸ்டோர்காரர்களும் வைப்பார்கள். அவர் வேண்டாம் என்றால், புத்தகம் போன இடத்துக்கே கேசட்டும் போகும். வேறு வழி எதுவும் சூசையப்பனிடம் இல்லை.

கம்பம்மெட்டு ஸ்டோரில் சுருளிவேல் நல்லபடியாகவே வரவேற்றார்.

"ரேடியோவுல பாதி நேரம் கொரகொரன்னுதேன் கேக்குது. மழன்னா அதுவும் இல்ல. வைங்க, பாப்பம்."

முப்பது பெண்கள் முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரே இரைச்சல். ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள்; இரண்டு பேர் யாரோ ஒரு மருமகளைப் பற்றிச் சண்டை போட்டார்கள்; மூலையில் ஒருத்தி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கங்காணி ராமுத்தாய் எதையும் தடுக்கவில்லை.

கேசட் ஓடத் தொடங்கியது. சண்டை நின்றது. பிறகு பாட்டு நின்றது. காடு வெட்டப் போகும் குடும்பம் மலையடிவாரத்தில் உலை வைக்கும்போது, முறத்தில் காய் உருளும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. தான் எழுதியதை மனிதர்கள் இப்படிக் கேட்டுச் சூசையப்பன் அதுவரை பார்த்ததில்லை. கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ராமுத்தாய் எழுந்தாள். வரிசைக்குள் போய் ஒருத்தியின் தாடையைப் பிடித்தாள்.

"ஏய், வாயத் தொற."

அவள் திறந்தாள். ஒன்றுமில்லை. அடுத்தவளிடம் போனாள்.

சுருளிவேல் பெட்டியை நிறுத்தினார். "கத நல்லாத்தேன் இருக்கு கம்பவுண்டரே. ஆனா முப்பது வாயும் மூடிக் கெடக்கே."

சூசையப்பனுக்குப் புரியவில்லை. சுருளிவேல் விளக்கினார். பெரிய ஏலக்காய் நாலைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு போனால் யார் கண்டது? மடியைச் சோதிக்கலாம், நாளெல்லாம் வாயைச் சோதிக்க முடியாது. அதனால் அவர் அப்பா காலத்திலிருந்து ஸ்டோரில் ஒரே ஏற்பாடு: வேலை நேரத்தில் யாரும் வாயைச் சும்மா வைத்திருக்கக்கூடாது. பாடலாம், பேசலாம், திட்டிக்கொள்ளலாம். ரேடியோ வைத்ததும் கூடவே பாடுவார்கள் என்றுதான்.

"பேசாம இருந்தா கள்ளின்னு சொல்லுதாக, பேசுனா வாயாடின்னு சொல்லுதாக," என்றாள் முன்வரிசையில் இருந்த அழகுத்தாய். "எங்க வாயிக்கு எப்பத்தேன் லீவு?"

பெண்கள் சிரித்தார்கள். ராமுத்தாய் திருப்தியோடு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து சூசையப்பன் நடந்ததைச் சொன்னார். "ரொம்ப நல்லாக் கேட்டாங்க. அதனாலயே வேண்டாம்னுட்டாரு."

கத்தரீனாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "கத கேக்கும்போது 'ம்' கொட்டச் சொன்னா என்ன? எங்க வீட்ல 'ம்' கொட்டலன்னா எங்கப்பா கதைய நிறுத்திட்டுத் தூங்கிருவாவ. வாக்கியத்துக்கு வாக்கியம் இடம் விட்டு வாசிக்கேன். அவிய 'ம்' சொல்லட்டும்."

அடுத்த முறை கம்பம் போனபோது, காய் ஏற்ற வந்திருந்த சுருளிவேலிடம் சூசையப்பன் இதைச் சொன்னார்.  அவர் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, "ம்ம்" என்றார். இன்னொரு தடவை, "ம்ம்."

"பாத்தீகளா? வாய் நெறையாக் காய வச்சுக்கிட்டே சொல்லலாம். வேற சொல்லுங்க."

'அப்பறம்?' என்பதில் முடிவாயிற்று. வாயில் எதையாவது அடக்கிக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. சுருளிவேல் பக்கத்துப் பெட்டிக்கடையில் நிலக்கடலை வாங்கி, நாலை வாயில் அடக்கிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

சிக்கல் பதிவு அறையில் தொடங்கியது. நாவலில் எல்லா வாக்கியத்துக்குப் பிறகும் 'அப்பறம்?' என்று கேட்க முடியாது. மலையில் மூடுபனி இறங்குவதைச் சூசையப்பன் மூன்று பக்கம் எழுதியிருந்தார்.

"இதுக்கு என்னன்னு 'அப்பறம்' கேப்பாவ? பனி எறங்குது. அப்பறம்? இன்னும் எறங்குது," என்றாள் கத்தரீனாள்.

"அந்த மூணு பக்கத்தை ரெண்டு மாசம் எழுதினேன்."

"தெரியுது. வாசிக்கவும் அம்புட்டு ஆகுது."

பனி போயிற்று. ஆங்கிலேயத் துரையின் பங்களாத் தோட்டம் போயிற்று. பாட்டன் கண்ட கனவில் பாதி போயிற்று. ஒவ்வொன்றுக்கும் சூசையப்பன் வாதாடித் தோற்றார். ஒன்றே ஒன்றில் உறுதியாக நின்றார். கதையின் நடுவில், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தகப்பன் கம்பத்துக்கு இறங்குகிறான். பாதி வழியில் தோள் குளிர்கிறது. அவன் நிற்கவில்லை, தொடர்ந்து இறங்குகிறான். இந்த இடத்துக்காகத்தான் அந்த நாவலையே அவர் எழுதினார். அங்கே இடம் விடக்கூடாது, யாரும் 'அப்பறம்?' என்று கத்தக்கூடாது என்றார்.

கத்தரீனாள் சரி என்றாள். வாசிக்கும்போது அந்த வரி முடிந்ததும் நிறுத்தினாள். பிறகுதான் அடுத்ததைத் தொடங்கினாள்.

"இடம் விடாதன்னேன்ல?"

"மூச்சு வாங்குச்சு," என்றாள்.

மழை வலுத்துவிட்டதால் மறுபடி பதிவு செய்ய முடியவில்லை.

இந்த முறை இருவரும் கம்பம்மெட்டுக்குப் போனார்கள். பெண்களிடம் ராமுத்தாயே ஏற்பாட்டைச் சொன்னாள்: "அக்கா நிறுத்தும்போதெல்லாம் 'அப்பறம்'னு கேக்கணும். கேக்காதவ வாயி என் கையில."

கேசட் ஓடியது. "குடும்பத்தில் மூத்தவன் அரிவாளை எடுத்துக்கொண்டான்." "அப்பறம்?" என்று முப்பது குரல். வாசிப்பவள் எதிரில் நிற்பதைக் கண்டு சிலர் அவளைப் பார்த்தே கேட்டார்கள். "மாமியா மவராசி என்ன பண்ணா?" என்று ஒருத்தி இடையில் சேர்த்துக்கொண்டாள். சுருளிவேல் தொடையில் தாளம் போட்டார். உடும்பஞ்சோலைக்கு எப்போது அனுப்பலாம் என்று சூசையப்பனின் காதில் கேட்டார். சூசையப்பனுக்கு அவ்வளவு மகிழ்ச்சியில்லை. தன் வாக்கியங்கள் வடம் பிடித்து இழுப்பதுபோல இழுக்கப்படுவதாக அவருக்குப்பட்டது. அந்த வரி நெருங்குவது அவருக்குத் தெரியும். பெட்டியை நிறுத்திவிடலாமா என்று ஓரடி முன்னால் வந்தார்.

"தோள் குளிர்ந்தது. அவன் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தான்."

கேசட்டில் இடம் விட்டிருந்தது. நாடா இரைந்தது. யாரும் 'அப்பறம்' என்று கேட்கவில்லை. முறங்களும் அசையவில்லை. ராமுத்தாய் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வரி வந்தது. அதற்கும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் முடியும்வரை ஒரு குரலும் வரவில்லை.

வெளியே வந்து சுருளிவேல் சொன்னார்: "அந்த எடத்த மட்டும் எடுத்துருங்க. மூணு ஸ்டோருக்கும் நான் எடுத்துக்கிறேன்."

"முடியாது."

"பிள்ளைய ஆசுபத்திரியில சேத்துருங்களேன். ஒரு வரிதான. கம்பத்துல இல்லாத ஆசுபத்திரியா?"

"அது இல்லன்னா கதையே இல்ல முதலாளி. பனிய எடுத்தேன், கனவ எடுத்தேன். இத எடுக்க மாட்டேன்."

"அப்ப நீங்க கதைய வச்சுக்கங்க. நான் காய வச்சுக்கிறேன்."

சூசையப்பன் கேசட்டுகளைப் பையில் போட்டார். கத்தரீனாள் சுருளிவேலைப் பார்த்துக் கேட்டாள்: "டீக்கு விடும்போது வாயச் சோதிப்பியளா?"

"கொழாயடியில வாய் கொப்பளிச்சுட்டுத்தேன் டீ. ராமுத்தாய் நிப்பா."

"அப்ப இந்த வரியோட டீக்கு விட்டுருங்க. கேசட்டுல இந்தப் பக்கம் இங்கன முடியுத மாதிரி நான் வாசிச்சுத் தாரேன். பேசாம எந்திரிச்சுப் போனாலும் உங்க காய் எங்கயும் போவாது."

சுருளிவேல் அவளையும் ஸ்டோரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏவாரம், கச்சவடம் எல்லாம் பண்ண வேண்டியது நீதேம்மா. உம்புருசன் இல்ல," என்றார்.

அந்தச் சீசனில் மூன்று ஸ்டோர்களிலும் கேசட் ஓடியது. கார்த்திகையில் ஒரு நாள், உடும்பஞ்சோலையில் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்கச் சூசையப்பன் தனியாகப் போனார். கம்பம்மெட்டு ஸ்டோரில் அடுத்த கேசட் வரும் முன்பே காய் குறைந்துவிட்டதால் அங்கிருந்த சிலரும் ராமுத்தாயும் உடும்பஞ்சோலைக்கு வந்திருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது கேசட்டில் தகப்பன் மலையிறங்கிக்கொண்டிருந்தான். வரி முடிந்தது, பெட்டி 'டக்' என்று நின்றது. பெண்கள் எழுந்து குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார்கள். டம்ளரை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள்.

அழகுத்தாய் அவரைக் கண்டு பக்கத்தில் வந்தாள்.

"பிள்ளைக்கு என்ன காய்ச்சல்னு நீங்க எழுதலையே."

"மலைக்காய்ச்சல். மலேரியா."

"அதுக்கு அப்பவே மருந்து இருந்துச்சுல்ல? எங்க அய்யா சொல்லுவாரு, கசப்பு மாத்திர."

"கொய்னா. இருந்தது."

"தோட்டத்துலயா?"

"துரை பங்களாவுல."

அவள் டம்ளரைப் பார்த்தாள். "அப்ப ஏன் கம்பத்துக்குத் தூக்கிட்டுப் போனான்? பங்களாவுக்குல்ல போயிருக்கணும்."

"போனான். குடுக்கல. அது அடுத்த கேசட்டுல வருது."

அழகுத்தாய் மிச்ச டீயை மண்ணில் ஊற்றிவிட்டு, உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் போவதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவளும் போனாள். பிறகு மற்றவர்களும். டீ நேரம் இன்னும் முடிந்திருக்கவில்லை. ராமுத்தாய் பாதி டம்ளரோடு அவர்கள் பின்னால் போக வேண்டியிருந்தது.