நாச்சியாவை வெறுக்க வேண்டிய கரடி

மாத்தளைப் பக்கம் நாவுலை ஊரைத் தாண்டிக் காட்டோரத்தில் ஒரு கரடி விடுதி இருக்கிறது. மனிதர்களிடம் அகப்பட்டுச் சீரழிந்த கரடிகளை மீட்டு, தேற்றி, மறுபடி காட்டுக்கு அனுப்பும் இடம். நாச்சியா அங்கே சமையல் வேலைக்கு அலுவிகாரையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். மனிதர்களுக்குச் சமைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சேர்ந்தவள். போன முதல் நாளே பலாப்பழத்தை உரித்து ஒரு கரடிக்கு வைக்கச் சொன்னார்கள். மனிதர்கள் எல்லாரும் கடையில் சோற்றுப் பார்சல் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

அந்தக் கரடி பலாபத்வல ஊர்ப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. தோட்ட முதலாளி அதன் மூக்கைத் துளைத்துக் கயிறு போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். வெள்ளைக்காரர்கள் வான் வண்டியிலிருந்து இறங்கினால் அது இரண்டு காலில் எழுந்து சலாம் வைக்கும். சலாம் வாங்கியவர்கள் வெட்கத்துக்காவது ஒரு சந்தன கிறீம் வாங்கிப் போவார்கள். யாரோ எடுத்த வீடியோ பரவி அதிகாரிகள் வந்தபோது, கரடியைச் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்ததாக முதலாளி கண் கலங்கினார். பிள்ளையின் மூக்கில் ஏன் கயிறு என்று கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விடுதியை நடத்தும் மிருக வைத்தியர் விதுஷா, இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. வயது குறைவு, கண்டிப்பு அதிகம். கரடிக்குப் பெயர் வைக்கக் கூடாது, அதோடு பேசக் கூடாது என்பது அவள் சட்டம். மனிதக் குரலுக்குப் பழகிய கரடி காட்டுக்குப் போனால் குரல் கேட்ட வீட்டுக்கெல்லாம் போய் நிற்கும், யாராவது சுட்டுவிடுவார்கள். பழக்கம் விடாத கரடிக்கு ஆயுள் முழுக்கக் கூடுதான். நாச்சியா சட்டத்தை மதித்தாள். பெயர் எதுவும் வைக்கவில்லை. 'மகன்' என்று மட்டும் கூப்பிட்டாள். பஸ் கொண்டக்டரையும் மீன்காரரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவது, ஆகவே அது கணக்கில் வராது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

தங்கச்சி மகளின் கலியாணத்துக்காக அவள் மாத்தளைக்குப் போய் நின்ற நாட்களில் கரடி சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எச்சில் ஒழுகியது, ஆனாலும் வாய் வைக்கவில்லை. விதுஷா அதன் பல்லைப் பார்த்தாள், இரத்தத்தைச் சோதித்தாள், பலாப்பழத்தைக்கூடச் சந்தேகப்பட்டாள்.

நாச்சியா திரும்பி வந்து, தட்டை வேலிக்குக் கீழே தள்ளி, "பிஸ்மில்லாஹ்" என்றாள். கரடி பாய்ந்து விழுந்து தின்றது.

விதுஷா பக்கத்தில்தான் நின்றாள். "அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்டும் சொல்லல்லயே மகள்."

உண்மையில் அவளுக்கே தெரியவில்லை. சோறு வைக்கும்போது வாய் தானாகச் சொல்லும் சொல் அது. மூச்சு விட்டதற்கு யார் கணக்கு வைப்பார்கள்?

விதுஷா கோபிக்கவில்லை. அதுதான் நாச்சியாவை உறுத்தியது. "அது இருந்த தோட்டத்துல ஆள் சொல்றதுக்கு முந்தி சாப்பாட்டத் தொட்டா கயித்த இழுப்பாங்க அக்கா. மூக்கு கிழியும். அதான் யாராச்சும் சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கு. இங்க நீங்க சொல்றீங்க."

நாச்சியா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பரக்கத்துக்காக, சோறு பெருகட்டும் என்று சொன்ன சொல்லை அந்தக் கரடிப் பிள்ளை உத்தரவு என்றல்லவா கேட்டிருக்கிறது. முதலாளியும் தானும் ஒன்றாகிவிட்டோமே என்று நெஞ்சு பொறுக்கவில்லை.

அதன்பிறகு தட்டு இல்லை. பழத்தை மரப்பொந்தில் ஒளித்தார்கள். நாச்சியா பிஸ்மில்லாஹ்வை மனதுக்குள் சொல்லப் பழகினாள். கரடி வேலியோரம் வந்து அவள் வாயையே பார்த்தது. பசி முற்றிய ஒரு காலையில் தானே போய்க் கரையான் புற்றை உடைத்தது. மற்ற ஆட்களைக் கண்டால் ஓடவும் கற்றுக்கொண்டது. நாச்சியா சும்மா இருமினால் போதும், ஓடி வந்து இரண்டு காலில் எழுந்து சலாம் வைத்தது.

"இனி அது பயப்படாத ஆள் நீங்க மட்டுந்தான் அக்கா" என்றாள் விதுஷா. "நீங்க கூப்பிடுங்க. கிட்ட வந்ததும் ஜீவராஜ் அண்ணன் யானை வெடி போடுவாரு. உங்க குரல்னாலே பயம்னு அதுக்குத் தோணணும். பிஸ்மில்லாஹ்னு கூப்பிட்டா உடனே வரும்."

"அல்லாஹ்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டு வெடி போடச் சொல்றீங்களா? மௌத்தாகி அல்லாஹ்ட முன்னுக்குப் போனா நான் என்ன பதில் சொல்ற?"

விதுஷா யோசித்தாள். "அப்ப எப்பவும் கூப்பிடுற மாதிரியே கூப்பிடுங்க."

நாச்சியா 'மகன்' என்று கூப்பிட்டுச் சட்டத்தை மீறியது விதுஷாவுக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

நாச்சியா வேலியோரம் நின்றாள். "மகன், வாங்க" என்றாள். வந்தது. காவலாளி ஜீவராஜ் வெடியைப் போட்டார். வயலில் யானையை விரட்டுகிற வெடி, கரடி எம்மாத்திரம். நாச்சியாவுக்கே காது அடைத்தது. அடுத்த நாளும் கூப்பிட்டாள், அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டாள். கரடி ஒவ்வொரு தடவையும் இந்த முறையாவது சரியாக இருக்கும் என்று நம்பி வந்தது. பிறகு தயங்கித் தயங்கி வந்தது. பிறகு வரவில்லை. வாழ்க்கையில் யாரையும் ஏமாற்றாதவள் என்று பெயர் எடுத்தவள், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். கொண்டக்டர் மிச்சக் காசைக் கேட்காமலே கொடுத்தார்.

கரடியை விட்டுவிடுவதற்காகக் காட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்த காலையில் அவளைச் சமையலறையில் இருக்கச் சொன்னார்கள். ஒரு சட்டியைக்கூட நகர்த்தாமல் இருந்தாள். வெயில் ஏறியது. விதுஷா வந்து வாசலில் நின்றாள்.

"கதவு தெறந்துதான் இருக்கு அக்கா. அது படுக்கிற குகைய விட்டு வெளிய வரமாட்டேங்குது."

"பழம் வெச்சுப் பாத்தீங்களா?"

"பழம் வெச்சா நம்ம கையத்தான் தேடும். ஓடித்தான் போகணும்." விதுஷா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க வந்து ஒரு தடவ கூப்பிடணும். வெடி வேணாம்."

நாச்சியா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுப் போனாள். குகையின் பின்பக்கம், அவளை விட்டு ஓடினால் கரடி காட்டுப் பக்கந்தான் போகும் என்ற இடமாக அவளை நிறுத்தினார்கள்.

"மகன்" என்றாள். முன்பு எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே, பாசமாக. வேறு மாதிரிக் கூப்பிட அவளுக்குத் தெரியாது. "மகன், வாங்க."

உள்ளே உறுமல் கேட்டது. அடுத்த கணம் கரடி வெளியே பாய்ந்து, திறந்த கதவைத் தாண்டி, அவள் குரல் எட்டாத தூரத்துக்கு ஓடியது. செடி அசைவது நின்ற பிறகும் அது எந்தப் பக்கம் போனது என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.