பெட்டிக்குள் ஒரு கலாஞ்சோ

போல்ட் தொழிற்சாலையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சரிபார்க்கும் பிரிவில் முப்பது வருஷம். அடுத்தவர் பார்த்து அனுப்பியதையும் வாங்கி இன்னொரு தடவை அளப்பார். வேலையில் அது நல்ல குணம்தான். மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை. மனைவி பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார், மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார், கடைக்குப் போனவளுக்கு மூன்று தடவை போன் போடுவார். இருபத்தாறு வருஷம் பொறுத்தவள், ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் இருந்த செடியைக் காட்டி, அது பூத்ததும் சொல்லுங்கள், வருகிறேன், அதுவரை போன் வேண்டாம் என்றாள்.

செடி கலாஞ்சோ. தடித்த இலை, பூத்தால் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. வாங்கும்போது இருந்த பூ உதிர்ந்த பிறகு ஒரு மொட்டுகூட வைத்ததில்லை. அவர் நர்சரிக்கு ஓடினார்.

இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு என்றார் நர்சரிக்காரர். அங்கே ராத்திரி நீளும் பருவத்தில்தான் இது பூக்கும். வீட்டு விளக்கில் வளர்ந்தால் அதற்கு ராத்திரியே வருவதில்லை. ஆகையால் மாலை ஆறிலிருந்து காலை எட்டு வரை அட்டைப்பெட்டியால் மூட வேண்டும், ஆறு வாரம். கைவசம் இருக்கட்டும் என்று நாலு கிளையும் வெட்டி, வெட்டுவாயை இரண்டு நாள் காயவிட்டு மணலில் நடச் சொன்னார்.

நாலு கிளையும் செத்தன. வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தால் எதுதான் பிழைக்கும்? அவர் மணல் மேல் பழியைப் போட்டார்.

தாய்ச்செடி விஷயத்தில் மட்டும் கடிகாரமே அவரிடம் தோற்றது. ஆறடித்தால் பெட்டி ஏறும், எட்டடித்தால் இறங்கும். ஆறு வாரம் போயிற்று, எட்டும் போயிற்று. புது இலைதான் வந்தது. அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. நன்றிகெட்ட செடி என்று வாய்விட்டுத் திட்டினார். பெண்டாட்டி வீடு திரும்புவது ஒரு மொட்டின் கையில் இருக்கிறதே என்று நினைக்க நினைக்க அழுகையாகவும் வந்தது.

செடியைத் தூக்கிக்கொண்டு போய் நர்சரியில் சண்டை பிடித்தார். நர்சரிக்காரர் தண்ணீர், மண், வெயில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சரியாகவே இருந்தது.

"நடுவுல திறக்கலையே சார்?"

"சேச்சே. படுக்கப் போறப்ப டார்ச் அடிச்சு மொட்டு வந்திருக்கான்னு பாப்பேன். ஒரு நிமிஷம்தான்."

"தினமுமா?"

"ஒருநாள் தப்பினதில்ல."

நர்சரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நடு இருட்டில் அந்த ஒரு நிமிஷ வெளிச்சம் போதும், செடியைப் பொறுத்தவரை நீண்ட ராத்திரி அங்கேயே முடிந்தது என்றார். இனி முதலிலிருந்து ஆறு வாரம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். அதை அவரிடம் யார் சொல்வது?

வீட்டுக்கு வந்தவர் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் கூடத்துக்கும் அலைந்தார். தாங்கவில்லை. மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். பிடுங்கின கிளை, டார்ச் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். தப்பு தன்னுடையதுதான் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள்.

"இன்னும் ஆறு வாரமா? பரவாயில்ல, அவசரமே இல்ல. நிதானமா பூக்கட்டும்."

குரல் அவ்வளவு லேசாக இருந்தது. தன் வீட்டில் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். வாய் கேட்கவில்லை.

"பூத்தா நிஜமா வருவதானே?"

"பாத்தீங்களா, மறுபடியும் டார்ச் அடிக்கறீங்க" என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.