அளவுக்கு நின்றவர்

தன் வெங்காயத் தோட்டத்தில் மஹ்ரூப் மார்பளவு ஆழத்துக்கு இறங்கிவிட்டார். குழியின் ஒரு சுவரை மட்டும் மண்வெட்டியால் வழித்து வழித்து நேராக்கினார். வேலிக்கு அப்பால் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அன்ரனிப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"என்ன நானா, ஆருக்குக் குழி?"

"சேர்ட படிப்புக்கு."

"படிப்பையும் புதைக்கத் தொடங்கிட்டாங்களா?"

சேர் என்றது அஸ்ஹானை. அந்தப் பகுதி விவசாய உத்தியோகத்தர். சனி ஞாயிறில் பல்கலைக்கழகத்துக்குப் போய் மண்ணியலில் முதுமாணி படித்தார். பின்னேரம் வந்து, நாடா ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, ஆழத்தின் அளவு தெரிய மஹ்ரூப்பைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். அடிக்கொரு பையில் மண் அள்ளினார்.

மஹ்ரூப் கூலி கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். அயலில் இறால் பண்ணை வந்த நாளிலிருந்து வெங்காயத் தாள் நுனியில் கருகியது. மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். மனைவி கைருன்னிஸா மௌத்தாகிக் கண்மூடுவதற்கு முந்தின கிழமை பிடி பிடியாகக் கட்டிய விதை வெங்காயம் கூரை வளையில் தொங்கியது. அவரிடம் வேறு விதை இல்லை. பண்ணைக்கு எட்டத்தில், கண்டக்குழியில் காணி வைத்திருந்த உசனார், அதில் பாதியை நடத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் கழித்து அஸ்ஹான் வந்தார்.

"சேர், இஞ்ச நடவா, கண்டக்குழிக்குக் கொண்டு போகவா?"

அஸ்ஹான் மோட்டார்சைக்கிள் எஞ்சினை நிறுத்தவில்லை. "இஞ்சயே நடுங்க நானா. பார்ப்பம்."

மஹ்ரூப் நட்டார். கட்டுகளை அவிழ்த்தபோது கைருன்னிஸா போட்ட முடிச்சுகளை வெட்டாமல் நகத்தால் நெம்பினார். அதன்பின் வெள்ளி தோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்து அஸ்ஹான் வந்து, வரம்பில் குந்தி, கருகிய தாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கொப்பியில் எழுதினார். எவ்வளவு அக்கறையான பிள்ளை என்று மஹ்ரூப் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஏழாம் வெள்ளியில் கருகுவதற்குப் பச்சையாக ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த வருடம் மஹ்ரூப் அதே இறால் பண்ணையில், வற்றவைத்த குளத்தின் அடிச்சேற்றை வாரிக்கொண்டிருந்தார். செத்த இறாலும் பழைய தீனும் அழுகிய சேறு. சோறு தின்னும்போதும் அந்த நாற்றம் விரலில் இருக்கும். அஸ்ஹான் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றோடு வரம்பில் வந்து நின்றார்.

"பாஸ் நானா! எங்கட வகுப்பிலயே கூடின புள்ளி."

"மாஷா அல்லாஹ். மண்ணுல என்ன இருந்திச்சாம் சேர்?"

"உப்புத்தான். மொதல் மாசமே தெரியும்."

மஹ்ரூப் மண்வெட்டியை ஊன்றினார். "அப்ப என்னத்துக்கு நடச் சொன்னீங்க?"

"நட்டாத்தானே நானா, எத்தின நாளையில சாகுதெண்டு எண்ண ஏலும்? இல்லாட்டி பாதி ஆராய்ச்சிதான்." அஸ்ஹான் சிரித்துக்கொண்டே பக்கம் புரட்டினார். "பாருங்க, நீங்களும் இரிக்கிறீங்க."

மஹ்ரூப் கிட்ட வந்து கையை நீட்டினார்.

"ஐயோ, கைய வைக்காதீங்க, சேறு!" அஸ்ஹான் புத்தகத்தைப் பின்னுக்கு இழுத்து, எட்டத்தில் பிடித்துக் காட்டினார்.

வழித்து நேராக்கிய மணற்சுவர். இலக்கம் போட்ட நாடா. நாடாவின் பக்கத்தில் கழுத்துக்குக் கீழே ஒரு உடம்பு. சேட்டின் இரண்டாவது பொத்தான், கைருன்னிஸா சிவப்பு நூலால் தைத்தது, படத்தில் நன்றாகத் தெரிந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளை ஓரம் தொடங்கியது.