நவ்வாஷை நனைக்காத ஆறு

எங்கள் பள்ளத்தாக்கின் ஆறு நவ்வாஷை நனைப்பதில்லை. அவன் கால் வைத்தால் தண்ணீர் விலகிக் கூழாங்கற்கள் காய்ந்து கிடக்கும். காலை எடுத்தால் மறுபடி கூடிக்கொள்ளும். அள்ளினால் கைக்கு வராது. குடிக்க லாரித் தண்ணீர் வரவழைத்தான். தொழுகைக்கு நடு ஆற்றில் நின்றுகொண்டு மணலால் கைமுகம் துடைத்தான். தண்ணீர் கிடைக்காதவனுக்குத்தானே அந்தச் சலுகை என்று இமாமிடம் போய்க் கேட்டார்கள். இவனுக்கு எங்கே கிடைக்கிறது என்றார் அவர். விஷயம் அதோடு முடிந்தது.

வேட்டை தடைசெய்யப்பட்ட எங்கள் பள்ளத்தாக்குக்கு நவ்வாஷ்தான் காவலாளி. மேல்வளைவில் வரையாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் சுனைக்கு வழி அவன் ஒருவனுக்கே தெரியும். ஜதான் நவ்வாஷின் தாயிடம் பால் குடித்து வளர்ந்தவன், கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். ஒரு நாள் கூடாரத்துக்கு வந்தவன், ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் தரையில் வைத்தான். விருந்தாளி அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று பொருள். என்னவென்று தெரியும் முன்பே தந்தேன் என்று சொல்வதுதான் எங்களில் வீட்டுக்காரனுக்கு மரியாதை.

"குடிடா, நீ கேக்கிறது உனக்குத்தான்" என்றான் நவ்வாஷ்.

"சுனைக்கு வழி காட்டுண்ணே. பட்டணத்து ஆள் ஒருத்தர் போட்டோ எடுக்கணுமாம். வேற ஒண்ணுமில்ல."

மாவு பிசைந்துகொண்டிருந்த நவ்வாஷின் மனைவி ஷம்ஸா, ஜதான் போனதும், "அவன் மூஞ்சியே சரியில்லைங்க. என்னன்னு கேட்டுட்டு வாயைத் திறந்தா என்னவாம்?" என்றாள். சொன்ன சொல் சொன்னதுதான். வழி காட்டினான். மறுவாரம் சுனையோரம் ஒரு மந்தையே சுடப்பட்டுக் கிடந்தது. கொம்புகளை மட்டும் கொண்டுபோயிருந்தார்கள். ஆறு ஒரு பகல் முழுக்கச் சிவந்து ஓடியது, பிறகு நவ்வாஷை ஒதுக்கிவைத்தது. ஜதானோ புது வண்டி வாங்கி அதே ஆற்றில் கழுவினான். அவனுக்குத் தண்ணீர் தாராளமாக வந்தது. இதென்ன நியாயம் என்று எங்களுக்கு இன்றும் வயிறு எரிகிறது.

வருடங்கள் போயின. வெள்ளம் வந்த ஒரு மாலை ஜதான் நடு ஆற்றுப் பாறையில் மாட்டிக்கொண்டான். நவ்வாஷ் இறங்கினான், ஆளுயரத் தண்ணீர் இருபுறமும் ஒதுங்கியது. அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு பாதி தூரம் வந்ததும் நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. சுடப் போறாங்கன்னு அன்னிக்கே தெரியுமா?"

"அண்ணே, விட்டுராதண்ணே..."

"தெரியுமாடா?"

"தெரியும்."

இவனையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்று இத்தனை வருடம் தேற்றிவைத்திருந்த மனசு அங்கேயே உடைந்தது. இறக்கிவிட்டு நடந்தால் போதும், மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். இறக்கவில்லை. கரையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, தனியாகத் திரும்பிப் போய் நடுவில் நின்று, "இப்பவாவது என்னைத் தொடேன்" என்று ஆற்றிடம் வாய்விட்டுக் கேட்டான். அது தன் பாட்டுக்கு விலகியே ஓடியது.

அதன்பின் வெள்ளக் காலத்தில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் ஊரே அக்கரை போகிறது. ஆடுகளுக்குக்கூடக் குளம்பு நனைவதில்லை. ஜதானும் வரிசையில் வந்து நிற்கிறான். நவ்வாஷ் அவனையும் கூட்டிப்போகிறான். திரும்பிப் பார்ப்பது மட்டும் இல்லை.