கறுப்புத் திரைக்கு வெற்றி என்று பெயர்

திரை கறுப்பாக இருந்தது. நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் கோப்பு மட்டும் "இணைப்பு வெற்றி" என்று எழுதியிருந்தது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. திரைக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

"தம்பி, படம் வந்துருச்சுன்னு உங்க பெட்டி சொல்லுது. எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது" என்றார் போனில் எக்ஸ்ரே டாக்டர்.

"கேபிளைக் கழட்டி மாட்டிப் பாத்தீங்களா டாக்டர்?"

"காலையிலேருந்து அதைத்தான் பண்றேன். எலும்பு பாக்கப் படிச்சவன்ப்பா நான். மேஜைக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு இப்ப என் இடுப்புக்கே ஒரு எக்ஸ்ரே எடுக்கணும் போலிருக்கு."

மருத்துவமனைகளுக்கான கிராபிக்ஸ் கார்டு செய்வது எங்கள் நிறுவனத்தின் தொழில். அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் பிழை பார்ப்பது என் தொழில். எனக்கு மேலே அணித் தலைவர் ஒருவர் உண்டு. அவர் என் அக்காவின் கணவர். அலுவலகத்தில் அவர் சார், வீட்டில் அத்தான். வாசற்படியில் மட்டும் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருமுவேன்.

படிப்பு முடித்த நாளிலிருந்து அக்கா வீட்டு ஹாலில், என்னைவிட நீளம் குறைந்த சோபாவில் தூங்குகிறேன். கால் இரண்டும் வெளியே தொங்கும். விடிந்ததும் அத்தான் என் தலைமாட்டில் நின்று "ஹ்ஹூம், ஹ்ஹூம்" என்று உடற்பயிற்சி செய்வார். நாங்கள் இருவரும் தங்க நண்பன் ஒருவன் அறை பார்த்து வைத்திருந்தான். ஜன்னல், கட்டில், கதவு மூன்றும் உள்ள அறை. ஆனால் அந்த வீட்டுக்காரர் வேலை நிரந்தரமானவர்களுக்குத்தான் சாவி கொடுப்பாராம். என் பயிற்சிக் காலம் மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரம் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அத்தான். "டாக்டர் பிரச்சினையை முடி, போட்டுடறேன்" என்றிருந்தார். ஆக, அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால்தான் என் கட்டில் இருந்தது.

பிரச்சினை இதுதான். படம் போவதற்கு முன் கார்டும் மானிட்டரும் பேசிக்கொள்ள வேண்டும். "இந்த வேகத்துல அனுப்பறேன், கேக்குதா?" என்று கார்டு கேட்கும். கேபிள் நைந்திருந்தால் "கேக்கல" என்று மானிட்டர் சொல்லும். உடனே வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்க வேண்டும். குறைந்த வேகத்தில் பெரிய படம் போகாது. அதனால், திரையில் ஜன்னல்களை வரைகிற மேல்நிலை மென்பொருளிடம் "சின்னப் படமாக் கொடு" என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் டிரைவர் உச்ச வேகத்தில் ஒரே ஒருமுறை கேட்கும். பதிலுக்குக் காத்திராமல் "வெற்றி" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

ஏன் என்று தோண்டினேன். நிரலில் "வெற்றி" என்று எழுதவைக்கும் வரிக்கு மேலே ஒரு குறிப்பு: "தோல்வியைச் சொல்லாதே. வாடிக்கையாளர் பயப்படுகிறார்." எழுதியவர் அத்தான்.

ஒரு காலத்தில் இணைப்பு தவறினால் சிவப்புப் பெட்டியில் எர்ரர் வருமாம். மருத்துவமனைகள் போன் மேல் போன் போட்டிருக்கின்றன. அத்தான் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டார். கணினியே "வெற்றி" என்றதால், திரை கறுத்தவர்கள் தங்கள் மானிட்டரைச் சந்தேகித்தார்கள்; போன்கள் நின்றன. கேபிள்கள் தேறிவிட்டன என்று நிர்வாகம் நினைத்தது. 'புகாரே இல்லாத அணி' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டும் தலைவர் பதவியும் வந்தன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். இங்கே பூலோகம் நிஜமாகவே இருண்டிருந்தது. பூனைதான் "நல்ல வெளிச்சம்" என்று எழுதிக்கொண்டிருந்தது.

"சார், இந்த வரியை மாத்தணும்."

"அதுல கை வைக்காதே. பல வருஷமா ஓடுது."

"ஓடுது சார். படம்தான் வரல."

"எல்லா எடத்துலயும் வருதுல்ல?"

"வரலைன்னா நமக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லாதேன்னுதானே எழுதி வெச்சிருக்கீங்க?"

அவர் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதன்மேல் தூசிகூட இல்லை.

இளம் ரத்தம் அல்லவா, அவர் மதியம் கூட்டத்துக்குப் போன நேரத்தில் வரியை மாற்றினேன். இணைப்பு தவறினால் இனி "தோல்வி" என்று திருப்பி அனுப்பும். டாக்டரின் கணினியில் சோதனைக்காக ஏற்றினேன். வாய்மையே வெல்லும் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

போன் வந்தது.

"தம்பி, முன்னாடி பெரிய திரை மட்டும்தான் போச்சு. இப்ப பக்கத்துல இருந்த சின்னதும் போச்சு. ஒரு கண்ணுக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா ரெண்டையும் புடுங்கிட்டியேப்பா!"

நடந்தது இவ்வளவுதான். மேல்நிலை மென்பொருள் பிறந்ததிலிருந்து "முடியாது" என்ற சொல்லையே கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டதும் மூர்ச்சை போட்டு விழுந்துவிட்டது. விழும்போது எல்லாத் திரைகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது.

அத்தானுக்கு அன்று பிறந்தநாள் போல் முகம். "இதுக்குத்தான் சொன்னேன். மேல்நிலைக்காரங்க முதல்ல 'இந்த மாதிரி படம் அனுப்பலாமா'ன்னு கேப்பாங்க. நாம சரின்னு தலையாட்டுவோம். தலையாட்டினதுக்கு அப்புறம் மாட்டேன்னு சொல்லக் கூடாது. எல்லா டிரைவருக்கும் அதான் விதி."

தேடிப் பார்த்தேன். விதி அதுதான். அத்தான் தப்பாக இருப்பதைச் சகித்துக்கொள்ளலாம். சரியாக இருப்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

சரி என்று சொல்லியாயிற்று. இல்லை என்று சொல்லக் கூடாது. படமும் போகவில்லை. மென்று விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் அந்த வாரம் போனது. டாக்டர் தினமும் கூப்பிட்டார். "வணக்கம், இருட்டிலிருந்து பேசுகிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரு நாள் இரவு மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நானும் அத்தானும் தட்டோடு மட்டும் பேசினோம். அக்கா காது பரிசோதகர். ஒலி புகாத அறையில் ஆட்களை உட்காரவைத்து "கேக்குதா, கேக்குதா" என்று கேட்பதே அவள் வேலை.

"இன்னைக்கு ஒரு ஆள் வந்தாருடா. ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்கன்னு சொன்னேன். நான் சத்தமே விடல. டொக்கு டொக்குன்னு அமுக்கிக்கிட்டே இருக்காரு!"

"எதுக்கு?"

"கேக்கலன்னா காதுல மெஷினை மாட்டிவிட்டுருவேன்னு பயம். கேக்கலன்னு சொல்றவங்களால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. கேக்காமலே கேட்டுதுன்னு சொல்றாங்க பாரு, அவங்களாலதான் என் உசுரு போகுது."

அத்தானுக்குப் புரையேறியது. நான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன். மரியாதைக்கு.

"அப்புறம் என்னக்கா பண்ணினே? பொய் சொல்றீங்கன்னு சொல்லிட்டியா?"

"சொன்னா எழுந்து போயிடுவாரு. அமுக்கினது அமுக்கினதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, 'ஐயா, லைன்ல ஏதோ கோளாறு, முதல்லேருந்து பாப்போம்'னு சத்தத்தைக் கூட்டி ஆரம்பிச்சேன். ரெண்டாவது தடவை ஒழுங்கா வந்துச்சு. ஏன்டா சாப்பிடாம உக்காந்திருக்கே?"

சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். கொஞ்சம் கழித்து, லைனில் கோளாறு, முதலிலிருந்து பார்ப்போம் என்று நாமே கூப்பிடலாம். நான் கையைக் கழுவாமலே மடிக்கணினியைத் திறந்தேன். அக்கா முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் அப்படியே எழுதினேன். டிரைவர் "வெற்றி" என்றே திருப்பிச் சொல்லும். உடனே இணைப்பின் மேல் 'கெட்டுவிட்டது' என்று ஒரு குறி போட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மேல்நிலை மென்பொருளை எழுப்பும்: நிலைமை மாறிவிட்டது, வந்து மறுபடி கேள். அதோடு திரையின் ஓரத்தில் ஒரு வரியும் வரும்: "கேபிள் சரியில்லை. படம் குறைந்த அளவில் வருகிறது."

ஓட்டினேன். திரை கறுப்பு.

மேல்நிலை மென்பொருளை எழுதுகிறவர் மேல்தளத்தில் இருக்கிறார். அதனால் எல்லோரும் அவரை மேல்மாடி என்போம். படியேறினேன்.

"எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு" என்றார். நான் இன்னும் உட்காரவே இல்லை.

"நாங்க எழுப்பினா உங்க புரோகிராம் எழுந்துக்குது. சுத்திப் பாத்துட்டு மறுபடி தூங்கிடுது."

"மானிட்டர் அதேதானே?"

"அதேதான்."

"யாராவது கழட்டினாங்களா?"

"இல்ல."

"அப்ப என்ன மாறுச்சுன்னு எழுப்பறீங்க?"

"கேபிள் தாங்கல. படம் போகல."

அவர் லாக்கைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினார். "வெற்றின்னு போட்டிருக்கே. நீங்க போட்டதுதானே?"

கிணற்றில் தள்ளிவிட்டுக் குளிருதா என்று கேட்பது போல் இருந்தது. குறியைக் காட்டினேன். அந்தக் குறியை இதுவரை யாரும் போட்டதே இல்லை, அதனால் அதைப் பார்க்க வேண்டிய அவசியம் தனக்கு இருந்ததில்லை என்றார். நியாயம்தான். பார்க்க ஆளில்லாததால் நாங்கள் போடவில்லை. போட ஆளில்லாததால் அவர் பார்க்கவில்லை. இரண்டு தளத்துக்கும் நடுவே இருந்த படிக்கட்டில் அதன்பிறகு எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்பது என் முழங்காலுக்குத் தெரியும். கடைசியில், என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அந்தக் குறியையும் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்தார்.

டாக்டரின் பெரிய திரை ஒருமுறை கண் சிமிட்டியது. பிறகு விலா எலும்புகள் வந்தன. ஓரத்தில் கேபிள் பற்றிய வரியும் வந்தது.

"அட, உங்க பெட்டி உண்மை பேச ஆரம்பிச்சிருச்சே!" என்றார் டாக்டர். "நல்லவேளை சொல்லிச்சு. சின்னப் படத்துல நூல் மாதிரி இருக்கற விரிசல் தெரியாது. இது தெரியாம நான் பாட்டுக்கு, எலும்பு நல்லா இருக்குன்னு எழுதியிருப்பேன்." அன்றே புதுக் கேபிள் மாட்டிவிட்டார். படம் முழு அளவில் வந்தது.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இதைக் கட்டிலில் படுத்து எழுதியிருப்பேன்.

புது டிரைவர் எல்லா மருத்துவமனைகளுக்கும் போனது. நைந்த கேபிள் இத்தனை ஊரில் இத்தனை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? போன்கள் அடித்தன. எடுத்தால் மறுபடி அடித்தன. பாராட்டுச் சட்டம் எங்கே மாட்டியிருக்கிறது என்று நிர்வாகம் விசாரித்தது. அத்தான் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"படம் வர்றது நல்ல வேலைதான். அதை நான் இல்லைன்னு சொல்லல. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடு. படம் கொஞ்சம் சின்னதா வரும், யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"அதான் சார், கண்டுபிடிக்க மாட்டாங்க. விரிசலையும் சேத்து."

"நீ கையெழுத்துக்குத்தானே நிக்கறே? இதோ பேனா. வரியை எடு, இப்பவே போடறேன். எடுக்கலைன்னா மூணு மாசம் தள்ளிப் போடுன்னு நிர்வாகத்துலேருந்து சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

கட்டிலை நினைத்தேன். ஜன்னலை நினைத்தேன். கதவை ரொம்பவே நினைத்தேன். தாழ்ப்பாள் உள்ள கதவு. பிறகு, எலும்பு நன்றாக இருக்கிறது என்று யாரோ ஒருவர் நிம்மதியாக எழுதுவதும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"எடுக்க மாட்டேன் சார்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா எடுத்துடுவேன் சார். அதான் யோசிக்கல."

அவர் பேனாவை மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "போ" என்றார்.

நண்பனுக்குச் சொன்னேன். நட்புக்கு அழகாக, ஐந்து நிமிடம் திட்டிவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டான்.

சாயங்காலம் அக்கா கதவைத் திறந்ததும் எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தாள். "என்ன, நிரந்தரம் ஆச்சா?"

"ஆகல. தள்ளிப் போட்டுட்டாங்க" என்றார் அத்தான்.

"யார் பண்ணின வேலை?"

இருவரும் வாசற்படியில் நின்று இருமினோம்.

உள்ளே போய் சோபாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். புகார் அழைப்புகளையெல்லாம் நிர்வாகம் அத்தானின் போனுக்கே திருப்பிவிட்டிருந்தது. அது அடித்தது, வேறொரு மருத்துவமனையிலிருந்து. எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்தார்.

"ஆமா டாக்டர்... ஆமா, அந்த வரி எங்களுதுதான்... இல்ல டாக்டர், பொய் இல்ல. படம் கொறஞ்சுதான் வருது... எவ்வளவு நாளா சொல்லாம இருந்தோம்னா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நாளாங்கறாருடா. என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க அத்தான்."

அவர் கையை எடுத்தார். சொல்ல ஆரம்பித்தார். நெடுநேரம் சொன்னார்.