ஆடிக்கு வந்த முயல்குட்டி

ஆடி பிறந்து பாதி மாதம் ஓடிவிட்டது. ஈஸ்வரி தன் புருஷனோடு பேசுவதை நிறுத்தியும் பத்து நாளாகிவிட்டது.

அதைச் சண்டை என்று சொன்னால் சண்டைக்கே கேவலம். ஒரு பாத்திரம் உருளவில்லை, ஒரு கதவு படீரென்று சாத்தப்படவில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது, சட்டை துவைத்து மடிப்பாக வந்தது. பேச்சு மட்டும்தான் வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மாமியார் வீரலட்சுமியிடம் சொல்வாள். "அத்தை, மோரு ஊத்தவான்னு கேளுங்க" என்பாள். கேட்க வேண்டியவன் கோபிநாத் அங்கேயே, அவள் எதிரிலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். வீரலட்சுமியும் சளைக்காமல் இங்குட்டுத் திரும்பி மகனிடம் கேட்பாள், அங்குட்டுத் திரும்பி மருமகளிடம் சொல்வாள். அந்த அம்மாளுக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது.

தப்பு முழுக்க கோபிநாத்தோடதுதான். அதில் இரண்டாம் பேச்சே இல்லை. தை மாதம் கல்யாணம், இது தலை ஆடி. புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போக ஈஸ்வரியின் அப்பா சிங்கம்புணரியிலிருந்து வெற்றிலை பாக்கு, பழத்தோடு நாச்சியாபுரத்துக்கு வந்தார். கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இவன்தான் பெரிய மனுஷத்தனமாக, "உங்களுக்கு எதுக்கு மாமா பஸ்ஸுல அலைச்சல், நானே கொண்டாந்து விடுறேன்" என்று வாயை விட்டான். மாப்பிள்ளை வாயால் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார் பாவம், தனியாகத் திரும்பிப் போனார்.

கோபிநாத் ஜேசிபி ஓட்டுகிறவன். மழைக்கு முன்னால் காட்டைத் திருத்திவிட வேண்டும் என்று ஊரில் உள்ளவர்களெல்லாம் அந்த மாதத்தில்தான் விழித்துக்கொள்வார்கள். இன்றைக்குப் போவோம் நாளைக்குப் போவோம் என்று இவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் ஈஸ்வரி கேட்பதையே விட்டுவிட்டாள். அதோடு பேசுவதையும் விட்டுவிட்டாள்.

அவனுக்கு அது என்னவோ செய்தது. நாள் பூராவும் இரைச்சலிலேயே உட்கார்ந்திருக்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். மல்லிகைப் பூ வாங்கிப் பார்த்தான், அது சாமி படத்துக்குப் போனது. காரைக்குடிக்குப் போன இடத்தில் அல்வா வாங்கி வந்தான், அதை வீரலட்சுமி ஒருத்தியே தின்று தீர்த்தாள்.

அன்றைக்கு ஊருக்கு மேற்கே முத்துக்கருப்பன் என்பவருடைய காட்டில் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கூட வேலை பார்க்கிறவன் மருது. இவன் இறங்கினால் அவன் ஏறி ஓட்டுவான். மத்தியானத்துக்கு மேல் ஒரு கோரைப்புல் குத்துக்கு முன்னால் ஜேசிபியின் பக்கெட்டைத் தூக்கியவன், புல்லுக்குள் என்னவோ மினுங்குவதைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டுக் கீழே குதித்தான்.

முயல்குட்டி. கைப்பிடிக்குள் அடங்கிவிடும். மண் நிறத்து ரோமம், நெற்றியில் சாந்துப்பொட்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணை முழித்துக்கொண்டு, காதைப் படிய வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தாயைக் காணோம். நாய் பிடித்திருக்கும், இல்லை எவனாவது கண்ணி வைத்திருப்பான் என்று நினைத்தான். ஐயோ பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கு அடுத்தபடியாகத் தோன்றியது என்னவென்றால், இதைக் கொண்டுபோய் ஈஸ்வரி கையில் கொடுத்தால் எப்படிப் பேசாமல் இருப்பாள் பார்க்கலாம் என்பது. மருதுவை வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு, குட்டியைத் துண்டில் சுருட்டிக்கொண்டு பைக்கை விரட்டினான்.

துண்டைப் பிரித்ததும் ஈஸ்வரியின் முகம் மலர்ந்தது. அதை அவன் கண்ணாலேயே பார்த்தான். கையை நீட்டி வாங்கிக்கொண்டாள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எல்லாம் சரி. திரும்பி மாமியாரிடம் கேட்டாள்:

"அத்தை, இதுக்குத் தாய் இல்லையான்னு கேளுங்க."

கோபிநாத்துக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீரலட்சுமி குட்டியைப் பார்த்ததும் பேரப்பிள்ளை பிறந்த மாதிரி ஆகிவிட்டாள். பிறந்த பிள்ளைக்கு முதலில் சேனை வைக்க வேண்டும் என்றாள். சேனை என்றால் சீனித்தண்ணியைத் தொட்டு நாக்கில் வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் நல்ல குணமுள்ள ஆளாகப் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். கோபிநாத் வைத்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்றாது என்று அவள் முதலிலேயே அவனைத் தள்ளிவிட்டாள். கிண்ணத்தைக் கையில் எடுத்த மருமகளையும் தடுத்தாள்.

"நீ வைக்காதத்தா. அப்புறம் இதுவும் யாரு கூடயும் பேசாது."

ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். கோபிநாத் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான்.

கடைசியில் வீரலட்சுமியே வைப்பது என்று முடிவானது. விரலை நனைத்தவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். பசுங்கன்றுக்குக் கழிச்சல் கண்டபோது வந்து பார்த்த கால்நடை டாக்டர் சத்தியப்பிரியாவின் நம்பர் அவள் போனில் இருந்தது. முயல் சீனி தின்னுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போட்டாள். போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே சீனித்தண்ணியும் வேண்டாம், பசும்பாலும் வேண்டாம், வயிறு ஊதிச் செத்துவிடும் என்றார். வீரலட்சுமி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். எங்கே எடுத்தீர்கள், கண் திறந்திருக்கிறதா, அடிபட்டிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். அடி எதுவும் இல்லை, நல்ல முழி முழிக்கிறது என்று சொன்னதும் அவர் சொன்னார்:

"அப்ப அது அநாதை இல்லம்மா. காட்டு முயலு பகல்ல குட்டிய புல்லுக்குள்ள விட்டுட்டுத் தள்ளிப் போயிரும். கூடவே இருந்தா நரி, நாய்க்கு வாடை தெரிஞ்சிருமில்ல. இருட்டுற நேரம்தான் பால் குடுக்க வரும். எங்க விட்டுச்சோ அங்கதான் வந்து தேடும்."

மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், சத்தம் காட்டாதீர்கள், தாய் வரவேயில்லை என்றால் மட்டும் கூப்பிடுங்கள், வனத்துறையில் ஆள் இருக்கிறது என்று சொன்னார். காட்டு முயலை வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லித்தான் வைத்தார்.

ஈஸ்வரி ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தாள். அது ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அத்தை, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள். வீரலட்சுமி திரும்புவதற்குள் குட்டியோடு வாசலுக்குப் போய்விட்டாள்.

கோபிநாத்துக்கு அப்போதுதான் உச்சந்தலையில் அடித்தது. காட்டில் மருது வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் கோரைக் குத்தின் மேலேதான் பக்கெட் நின்றது. இந்நேரம் அங்கே புல் இருக்குமா, பள்ளம் இருக்குமா? இடமே இல்லாமல் போனால் தாய் எங்கே வந்து தேடும்? மருதுவுக்குப் போன் அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி இரைச்சலில் எப்படிக் கேட்கும்? மறுபடி அடித்தான். பைக்கில் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஈஸ்வரிதான் விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு கையில் போன், ஒரு கையில் குட்டி. தன் கையால் ஒரு தாயையும் பிள்ளையையும் பிரித்துவிட்டோமே என்று அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். வழியில் இருந்த வேகத்தடை ஒன்றையும் அவன் தடையாக நினைக்கவில்லை.

காட்டை நெருங்கியபோது ஒரு சத்தமும் கேட்கவில்லை. வண்டி அவன் விட்ட இடத்திலேயே நின்றது. பக்கெட் தூக்கியது தூக்கியபடி இருந்தது. மருது வண்டி நிழலில் சாக்கை விரித்து, போனை வயிற்றின் மேல் வைத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு முள்ளைக்கூடப் பிடுங்கவில்லை. அத்தனை நாளும் மருதுவின் சோம்பேறித்தனத்தைத் திட்டித் தீர்த்த கோபிநாத், அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

எழுந்த மருது பயந்துபோனான். "இப்பத்தான் மாப்ள கண்ண மூடுனேன்" என்று ஆரம்பித்தவனை, ரொம்ப நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லி வண்டியில் ஏற்றினான். வேறு குட்டிகளும் கிடக்கலாம், அதனால் வந்த தடத்திலேயே பின்னால் எடு என்று சொல்லி, தானே முன்னால் புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தான். வண்டி ரோட்டுக்கு ஏறிப் போனது. இன்றைக்கு முடித்துத் தருவதாகச் சொன்ன வேலை முடியாது என்று முத்துக்கருப்பனுக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டான். அவர் கத்திய கத்தல் பக்கத்தில் நின்ற ஈஸ்வரிக்கும் கேட்டது.

ஈஸ்வரி கோரைக் குத்துக்குள் கையை விட்டுத் துழாவினாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் புல் படிந்து ஒரு குழி இருந்தது. குட்டியை அதில் வைத்தாள். அது ஒரு தரம் மூக்கை ஆட்டிவிட்டு, காதைப் படிய வைத்துக்கொண்டு, பழையபடி மண் நிறத்தோடு கலந்துவிட்டது. இரண்டு பேரும் தூரத்து வரப்புக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தார்கள்.

ஆடிக் காற்று அடங்கிப் பொழுது இறங்கியது. கொசு பிய்த்து எடுத்தது, அடிக்கவும் முடியாது. கோபிநாத் பேசவில்லை, ஈஸ்வரியும் பேசவில்லை. ஆனால் வீட்டில் பேசாமல் இருந்ததற்கும் இங்கே பேசாமல் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. தாய் வருமா என்ற ஒரே கவலையில் இரண்டு பேரும் ஒரே திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராது போலிருக்கிறதே என்று அவன் நினைத்த நேரத்தில் ஈஸ்வரி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

முள்ளுக்கு அந்தப் பக்கம் இரண்டு காதுகள் தெரிந்தன. தாய் முயல் நின்றது, பார்த்தது, பின்னால் போனது. மறுபடி கொஞ்சம் முன்னால் வந்தது. புது டயர்த் தடத்தை மோந்து பார்த்தது. கோபிநாத் மூச்சே விடவில்லை. பிறகு ஒரே தாவலில் கோரைக்குள் போனது. புல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. குட்டி பால் குடிக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்தது.

ஈஸ்வரி காதோடு காதாகச் சொன்னாள். மாமியாரிடம் இல்லை, அவனிடம்.

"எங்கம்மாவும் இப்புடித்தான். பொழுதுசாய பஸ் சத்தம் கேக்குறப்பல்லாம் வாசலுக்கு வந்து நின்னு பாத்துட்டு உள்ள போகுதாம். அப்பா சொன்னாக."

இத்தனை நாள் கேட்கக் காத்திருந்த குரல்தான். ஆனால் அதைக் கேட்டதும் கோபிநாத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆள் அவன்.

"கிளம்பு புள்ள" என்றான்.

"காலையிலயா?"

"இப்பவே."

தாய் முயல் போகும் வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வீரலட்சுமி வாசலிலேயே நின்றாள். கையில் ஈஸ்வரியின் துணிப்பை. ஆடி பிறந்த அன்றைக்கே கட்டி வைத்தது, உங்கள் கூத்து முடியட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு முயல் குடும்பத்தின் நலத்தைச் சொல்லும் பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

திருப்பத்தூர் தாண்டி சிங்கம்புணரி போகும்வரை ஈஸ்வரி வாயை மூடவில்லை. பாதி திட்டு, பாதி கதை. காற்றில் ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை என்றாலும் கோபிநாத் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினான்.

அவர்கள் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு பஸ் மெயின் ரோட்டில் நின்று கிளம்பியது. ஈஸ்வரியின் அம்மா வாசலுக்கு வந்து ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். யாரும் இறங்கவில்லை. சரி என்று உள்ளே திரும்பியவள், பைக் வெளிச்சம் பட்டு நின்றாள். ஈஸ்வரி வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினாள். வாங்க மாப்பிள்ளை என்று சொல்லக்கூட அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவி, "சாப்டியாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

கோபிநாத் இன்ஜினை அணைத்தான். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. வண்டியைக் கொஞ்சம் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, சத்தம் காட்டாமல் தள்ளி நின்றுகொண்டான்.