இரண்டாவது ஆள்

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து பிறந்தது. அந்தத் தாளில் இல்லாததை ஒருத்தி வாசித்ததால் பிறந்தது. வாசித்தது நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்க எனக்குத் தெம்பு இல்லை. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் இந்த நோட்டின் மேல் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து வைக்கிறேன்.

மூன்று முறை ஆரம்பித்துவிட்டேன்.

"திருச்சுழி ரோட்டின் இரண்டு பக்கமும் கொத்தமல்லி பூத்துக் கிடந்தது, அந்த வாசனையில்..." (அடித்தாயிற்று. மல்லி பூத்தது உண்மைதான். ஆனால் பூவைச் சொல்லி நேரத்தைக் கடத்துகிறேன்.)

"ஜோயல் என்ற பையன் பத்தாவது படித்தான். ஒரு நாள் அவன்..." (ஜோயல் என் தம்பி. ஆறாவது படிக்கிறான். பாவம், அவன் தலையில் ஏன் கட்ட வேண்டும்?)

"நான்..." (இதற்குப் பிறகு பேனா நகரவில்லை.)

அதனால் 'அவள்' என்று எழுதப்போகிறேன். ஏஞ்சலின் என்று ஒருத்தி. என் பெயர்தான். ஆனாலும் 'அவள்' என்று எழுதினால் பேனா கொஞ்சம் நகர்கிறது.

2

முதலில் மாரிக்கனி.

மாரிக்கனிக்கு நாற்பது வயது. ரத்தினம் முதலாளியின் கரிமூட்டத்தில் வேலை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளுக்குள் புகையவிட்டுக் கரியாக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகமாட்டாள். கல்யாணத்தின்போது அப்பா எழுதிக்கொடுத்த ஒன்றரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அதில் மல்லி போடுவாள்.

"வருசத்துல நாலு மாசம் நான் மொதலாளி, மிச்ச எட்டு மாசம் ரத்தினம் அண்ணாச்சி மொதலாளி" என்று சொல்லிச் சிரிப்பாள். கரி அப்பிய முகத்தில் பல் மட்டும் தெரியும்.

எழுத்துத் தெரியாது. ஆனால் ஏமாளி இல்லை. அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தத் தாள் வந்தாலும் இரண்டு பேரிடம், தனித்தனியாக, வாசிக்கக் கொடுப்பாள். முதல் ஆள் சொன்னதை மனதுக்குள் முடிந்துகொண்டு, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி இரண்டாவது ஆளிடம் நீட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புவாள்.* பஸ்ஸுக்கும் அதே சட்டம்தான். காரியாபட்டி பஸ்ஸா, திருச்சுழி பஸ்ஸா என்று இரண்டு பேரிடம் கேட்காமல் படியில் கால் வைக்கமாட்டாள்.

"ஒருக்கச் சொன்னா வெளங்காதா? கைநாட்டுகளோட இதே ரோதனை!" என்று கண்டக்டர் கத்துவார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அவள் பூக்கடையில் இன்னொரு முறை கேட்டுவிட்டு வந்து நிதானமாக ஏறுவாள்.

(* ஏன் இரண்டு பேர்? மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்த தங்கச்சியிடமிருந்து ஒரு தடவை கடுதாசி வந்தது. வாசித்தவருக்கு அவசரம். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "எல்லாரும் சௌக்கியமாம்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிற விஷயம் பின்பக்கத்தில் இருந்தது. மாரிக்கனி போய்ச் சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது.)

3

போன வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஏஞ்சலின் கரிக்கொட்டகைக்குப் போனாள். அவள் அப்பா செல்வதுரை அங்கே லாரி ஓட்டுகிறார். அவர்கள் குடியிருக்கும் வீடும் ரத்தினத்தினுடையதுதான்.

(ரத்தினத்துக்கு முதலில் பெரிய மீசை வைத்து எழுதினேன். பொய். அவருக்கு மீசையே கிடையாது. எனக்குக் காய்ச்சல் கண்டபோது தன் ஜீப்பில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். கெட்டவனாகவே எழுத முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.)

"செல்வதொர மக, இங்க வாத்தா" என்று கூப்பிட்டார். பக்கத்தில் மாரிக்கனி நின்றாள். "மாரிக்கனி நெலத்துக்குப் பட்டா இன்னும் அவ அப்பா பேருலயே கெடக்கு. மாத்திக் குடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதியாந்துருக்கேன். நான் சொன்னா நம்ப மாட்டா. நீ வாசி."

"நம்பாம இல்ல அண்ணாச்சி. காதால ஒருக்கக் கேட்டுக்கிட்டா ஒரு தைரியம்."

டைப் அடித்த இரண்டு பக்கம். ஏஞ்சலின் கண் முதல் வரியில் விழுந்தது. 'பொது அதிகார ஆவணம்.' அடுத்த வரி, அதற்கடுத்த வரி. 'விற்கவும்.' நிமிர்ந்தாள். ரத்தினம் அவளைப் பார்க்கவில்லை. லாரிக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்த அவள் அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்வதொர! ஒம் மக நல்லாப் படிக்குதாம்ல? பன்னெண்டாவது வரைக்கும் நான் பாத்துக்கிறேன்யா."

அப்பாவுக்குச் சந்தோஷம். லாரிக்கு அடியிலிருந்தே, "ஒங்க தயவு மொதலாளி" என்றார்.

ஏஞ்சலின் வாசித்தாள். "அனுப்புநர், மாரிக்கனி. பெறுநர், உயர்திரு வட்டாட்சியர் அவர்கள். ஐயா, வணக்கம். எனது தகப்பனார் பெயரில் உள்ள பட்டாவை எனது பெயருக்கு மாற்றித் தருமாறு..." தமிழ் இரண்டாம் தாளில் மனு எழுதச் சொல்லி ஒரு கேள்வி வரும். பத்துக்கு ஒன்பது வாங்குவாள். எங்கேயும் தடுமாறவில்லை. 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' வரைக்கும் வாசித்தாள்.

(என் முதல் கதை அதுதான். இனி எதை எழுதினாலும் அவ்வளவு சரளமாக வராது.)

"எம் பேரு வருதாத்தா?"

"வருதுக்கா."

அது மட்டும் உண்மை. காட்டினாள். மாரிக்கனி அந்த இடத்தைத் தொட்டாள். விரல் பட்ட இடத்தில் கரி ஒட்டியது.

"திங்கக்கெழம அருப்புக்கோட்டை ஆபீசுக்கு வந்து பெருவெரலு வச்சாப் போதும்" என்றார் ரத்தினம்.

"இந்தத் தாள நான் வச்சுக்கிடவா அண்ணாச்சி? எம் பேரப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"யார்ட்டயாச்சும் காட்டணுமாக்கும்?"

"யார்ட்டக் காட்ட? ஞாயித்துக்கெழம வேதக்கோயில் மைக்குல இந்தப் புள்ள பைபிள் வாசிக்கிறது கொழாய் வழியா எங் காட்டு வரைக்கும் கேக்கும். இவ வாசிச்சதுக்கு எதுக்கு ரெண்டாவது ஆளு?"

ரத்தினம் சிரித்துக்கொண்டே தாளைக் கொடுத்தார்.

இத்தனை வருஷமாகக் காப்பாற்றிய சட்டத்தை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக விட்டுக்கொடுத்தாள்.

4

இங்கே, எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கான அறிவொளி வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

ஐப்பசியிலிருந்து ரேஷன் கடை முன்னால் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. பால்வாடி கோகிலாம்பாள் டீச்சர்தான் நடத்துகிறார். முதல் நாள் போர்டில் அவர் எழுதிய வார்த்தை 'பட்டா'. "அம்மா, ஆடுன்னு ஆரம்பிக்கலயா டீச்சர்?" என்று யாரோ கேட்டதற்கு, "ஆடு ஓடிப் போனா நீங்களே தேடிப் புடிச்சுக்கிருவீக. பட்டா போனா?" என்றாராம். மாரிக்கனி அந்த வார்த்தையைக் கரித்துண்டால் எழுதாத சுவர் எங்கள் தெருவில் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில்கூட இருக்கிறது.

இன்று சாயங்காலம் அவள் வந்தாள். தாளை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"ஏஞ்சலு, ரெண்டு நாளா வெரல வச்சு வச்சுத் தேடுறேன். பின்பக்கமும் பாத்துட்டேன். பட்டா எங்கத்தா இருக்கு?"

ஏஞ்சலின் தாளை வாங்கி மடிப்பைப் பிரித்தாள்.

"சுவத்துல பெருசா எழுதுனா தெரியுது. டைப்புல பொடிப்பொடியா இருக்குல்ல, அதான் எங் கண்ணுக்கு அம்புட மாட்டேங்குது போல. மக்குப் புத்தி. டீச்சர்ட்டச் சொல்லீராத, சிரிப்பாக."

"நாளைக்குக் காட்டுறேன்க்கா."

"சரி தாயி. தாளு ஒங்கிட்டயே இருக்கட்டும். நீ கோயிலுக்குக் கெளம்புறதுக்குள்ள வாரேன்."

சந்தேகப்பட வேண்டியது என்னை. அவள் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு போனாள்.

5

முடிவுகள்.

(அ) திங்கட்கிழமை. பதிவு அலுவலகம். மைப்பெட்டியை நீட்டுகிறார்கள். மாரிக்கனி தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, 'விற்கவும்' என்று உரக்க வாசிக்கிறாள். எல்லாரும் திகைத்து...

நல்ல முடிவு. எழுதும்போது எனக்கே புல்லரித்தது. ஆனால் அடித்துவிட்டேன். அவள் படித்தது மூன்று மாதம். நான் படித்தது பத்து வருஷம். என் வேலையை அவள் தலையில் கட்டும் முடிவு இது.

(ஆ) ஏஞ்சலின் வாய் திறக்கவில்லை. மாரிக்கனியின் பெருவிரலைப் பிடித்து யாரோ மையில் உருட்டுகிறார்கள். ரோட்டுப் பக்கம் மில்லு வரப்போகிறது என்று பேச்சு இருக்கிறது, நிலம் கைமாறுகிறது. அவளுக்கு வருஷம் பன்னிரண்டு மாதமும் கரிமூட்டம். ஏஞ்சலின் பன்னிரண்டாவது வரை படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் குழாயில்...

இதை முடிக்க முடியவில்லை.

(இ) ஏஞ்சலின் சொல்லிவிடுகிறாள். அப்பாவுக்கு வேலை போகிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். மாரிக்கனி அவளைக் காறித் துப்புகிறாள். அல்லது துப்பவில்லை. அப்பா அடிக்கிறார். அல்லது... அப்பாவும் கைநாட்டுதான். அதை எங்கேயும் எழுதாமலே விட்டுவிட்டேன். ரோட்டுப் பலகையை வாசிக்கத் தெரியாமல், ஊர் ஊராக நிறுத்திக் கேட்டுக் கேட்டுத் தூத்துக்குடி வரைக்கும் லோடு கொண்டுபோகிறவர். லைசென்ஸே ரத்தினம்தான் வாங்கிக் கொடுத்தார். அதனால்தான் இந்தப் பத்து வருஷத்தில் அவர் வேறு முதலாளியிடம் போனதில்லை. ஒருவேளை, இந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொன்னால், அவருக்குத்தான் எல்லாரையும் விட நன்றாகப் புரியுமோ என்னவோ.

6

தாள் என் முன்னால் இருக்கிறது. இதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். இந்தக் கதையில் நான் கற்பனை செய்யாத பத்தி இது:

"...எனக்குப் பாத்தியப்பட்ட ஒன்றரை ஏக்கர் புஞ்சை நிலத்தை விற்கவும், அடமானம் வைக்கவும், கிரையத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும் மேற்படி ரத்தினம் அவர்களுக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்..."

எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. அப்பா ஒரு தடவை இருமினார், அவ்வளவுதான்.

மறுபடியும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பார்த்தேன். பட்டா என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. மாரிக்கனி சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். விடிந்ததும் அவளிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். ஒங் கண்ணுல கோளாறு இல்லக்கா.

அதற்குப் பிறகு ஏஞ்சலின் பேச வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்.

"அக்கா, .................................................................."

இதை நான் நிரப்பப்போவதில்லை. எழுதிப் பார்த்தால் மனு மாதிரி வந்துவிடுகிறது. நேரில்தான் வர வேண்டும்.

உங்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. மாரிக்கனியின் சட்டம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தி வாசித்தால் போதாது, அதுவும் ஒரு முறை பொய்யாக வாசித்தவள் என்றால் போதவே போதாது. மேலே உள்ள பத்தியை நீங்களும் வாசித்துவிட்டீர்கள். காலையில் நான் சொல்லி முடித்ததும், ஒன்றுமே தெரியாதவள் மாதிரி அந்தத் தாளை அவள் உங்களிடம் நீட்டுவாள்.

கூட்டாமல், குறைக்காமல் வாசித்துச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து.